ஆற்றுக்கு நடந்த மணிக்கூண்டு

நீதிமன்றத்துக்கு எதிரே கட்டப்பட்ட மணிக்கூண்டு வருஷத்துக்கு ஒரு முழம் ஆற்றை நோக்கி நடந்தது. பனிக்காலத்தில் மட்டும்தான் நடக்கும். மற்ற மாதங்களில் உலகத்தில் உள்ள எல்லா மணிக்கூண்டுகளையும் போல நின்ற இடத்தில் நின்று நேரம் காட்டும். நடக்கும்போது சத்தம் வராது, ஒரு கல்கூடப் பெயராது. முன்னால் இருக்கும் தரை விலகிக் கொடுக்கும், பின்னால் விட்ட தரை தானே மூடிக்கொள்ளும். ஊர் இதைக் கண்டுபிடிக்கவே ஒரு தலைமுறை ஆயிற்று. நீதிமன்றப் படிக்கும் மணிக்கூண்டுக்கும் நடுவில் முதலில் ஒரு குதிரைவண்டி நிற்க இடம் இருந்தது, பிறகு இரண்டு நின்றன, பிறகு ஒரு வரிசையே நின்றது. அப்போதும் ஊர்க்காரர்கள் சந்தேகப்பட்டது நீதிமன்றத்தைத்தான். பின்வாங்குவது அதற்குப் பழக்கம்தானே என்றார்கள். கடைசியில் நகராட்சி நாடா வைத்து அளந்து பார்த்தபோது நீதிமன்றம் இருந்த இடத்திலேயே இருந்தது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே யாரும் ஓர் அடியும் வைக்காமலே கோபுரம் நகர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் காலத்தில் கட்டியது அது. தன்னை ஒரு பொருட்டாக நினைத்த ஒவ்வொரு ஊரும் அப்போது ஒரு தூணோ வளைவோ கோபுரமோ எழுப்பிக்கொண்டிருந்தது. தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு நினைவுச் சின்னத்தின் மேல்தான் விழவேண்டும் என்ற நிலை. இந்த ஊரார் நான்கு தடித்த கால்கள், கால்களுக்கு நடுவே நாலு வண்டி சேர்ந்து போகும் அளவுக்கு அகலமான வளைவு, அதன் மேல் நான்கு முகக் கடிகாரம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய வெண்கல மணி என்று கட்டினார்கள். மேலே ஏறும் படிக்கட்டு ஒரு காலுக்குள்ளே இருந்தது. அதே காலில், கண்ணுக்கு நேரே, அரசரின் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டின் நினைவாக விசுவாசமுள்ள நகரத்தார் எழுப்பியது என்று ஒரு கல்வெட்டு. அந்த அரசர் கடைசிவரை இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. மணி ஒலித்தது ஒரே ஒரு மாதம்தான். சாட்சி சொல்வது காதில் விழவில்லை என்று நீதிபதி கோபப்பட்டதால் மணியின் நாக்கைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். அது நீதிமன்றத்துப் பழைய காகித அறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுக்கப் போனது. அந்த வேலையை அது நூறு வருஷத்துக்கும் மேல் குறையில்லாமல் செய்தது.

நடக்கும் கோபுரத்தோடு வாழ ஊர் பழகிக்கொண்டது. அதன் வழியில் இருக்கும் கட்டடத்தை முன்கூட்டியே இடித்துவிடுவார்கள். இடித்தவருக்குக் கோபுரத்தின் பின்னால் காலியாகும் மனையைக் கொடுப்பார்கள். முன்னால் போனது பின்னால் வரும் என்பது நகராட்சியின் சொல்வழக்காகவே ஆகிவிட்டது. புகைப்பட நிலையம் இப்படி மாறியது, மருந்துக் கடை மாறியது. முடிதிருத்துபவர் கடை மாறியபோது ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, கண்ணாடியில் கடிகாரம் பின்னோக்கி ஓடுவது அப்போதும் அப்படியேதான் இருந்தது என்று அவர் சொன்னார். இடையில் ஒருமுறை, கப்பல் கட்டும் சங்கிலிகளைக் கொண்டுவந்து கோபுரத்தை நீதிமன்றத் தூண்களோடு கட்டிப்போட்டார்கள். பனிக்காலம் முடிந்து பார்த்தால் சங்கிலி ஒவ்வொரு கண்ணியிலும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டிருந்தது, மொத்தத்தில் சரியாக ஒரு முழம். கொல்லர் அந்தச் சங்கிலியைக் கழற்றி எடைக்கு விற்று, போட்டதைவிடக் கூடுதல் இரும்பு கிடைத்தது என்று சந்தோஷப்பட்டார். அதன் பிறகு யாரும் கட்டிப்போட நினைக்கவில்லை.

தெருவின் கடைசி வீடு கண்ணாடிக்காரியுடையது. அதைத் தாண்டினால் படகுத்துறைக்கு இறங்கும் படிகள், அதற்குக் கீழே ஆறு. முன்னறையில் கடை, பின்னால் இரண்டு அறை, தாழ்வான ஓட்டுக் கூரை. ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டுவது, படத்துக்குச் சட்டம் போடுவது, பழைய நிலைக்கண்ணாடிக்கு ரசம் பூசுவது எல்லாம் அவள் வேலை. கண்ணாடி வெட்டுவதில் கை எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் மேஜை. வைரமுனையால் ஒரே கோடு கிழித்து, அடியில் லேசாகத் தட்டினால் கண்ணாடி கோட்டோடு பிரியவேண்டும். மேஜை ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் கோடு ஒரு பக்கம் போகும், கண்ணாடி இன்னொரு பக்கம் போகும். கண்ணாடிக்காரியின் மேஜை கடையின் வலது மூலையில் இருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் அறை முழுக்க ரசமட்டம் வைத்துப் பார்த்து அவளே தேர்ந்தெடுத்த இடம் அது. அந்த வீட்டில், ஏன் அந்தத் தெருவிலேயே, குமிழி நட்டநடுவில் அசையாமல் நின்றது அந்த மூலையில் மட்டும்தான். அங்கே வெட்டிய கண்ணாடி ஒன்றுகூடத் தப்பாக உடைந்ததில்லை. மற்ற ஊர்க் கண்ணாடிக் கடைக்காரர்கள் வந்து அவள் கையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். கைக்குக் கிடைக்கும் பாராட்டை மேஜைக்குக் கொடுக்க யாருக்கு மனசு வரும்?

அவள் புருஷன் படகுக்காரர். காலையில் அக்கரைக்கு ஆட்களை ஏற்றிப்போய் மதியம் திரும்புவார். பனிக்காலத்தில் ஆற்றின் மேல் மூடுபனி இறங்கினால் துடுப்பின் முனை தெரியாது. துறையைத் தவறவிட்ட படகு நீரோட்டத்தில் கீழே போனால் பாறைகள். அதனால் மூடுபனி இறங்கியதும் அந்தத் தெருப் பெண்கள் ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டு படியில் இறங்கி நின்று கரண்டியால் அடிப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தனி அடி உண்டு. ரொட்டிக் கடைக்காரி மூன்று அடி, விட்டு மூன்று அடி. தச்சர் மனைவி நிறுத்தாமல் அடிப்பாள், வீட்டில் பேசுவதைப் போலவே. கண்ணாடிக்காரியின் அடி இரண்டு வேகமாக, ஒன்று இழுத்து. அதற்கு அர்த்தம் சாப்பாடு ஆறுகிறது என்பது என்று படகுக்காரர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். அடியை வைத்துத் தன் வீடு எது என்று தெரிந்துகொண்டு படகுக்காரர்கள் கரை சேர்வார்கள். இது எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. படகு இருக்கும் ஊர் எல்லாவற்றிலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கோபுரம் அவள் வீட்டுக்கு மூன்று முழத் தூரத்தில் வந்து நின்ற வருஷம் நகராட்சிப் பொறியாளர் நாடாவோடு வந்தார். பொறுமையான மனிதர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். வழக்கப்படி பின்னால் மனை தருகிறோம் என்றார். கண்ணாடிக்காரி வெட்டிக்கொண்டிருந்த கண்ணாடியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“மனை குடுப்பீங்க சார். இந்த மூலையைக் குடுப்பீங்களா?”

பொறியாளருக்குப் புரியவில்லை. அவள் ரசமட்டத்தை எடுத்து மேஜை மேல் வைத்துக் காட்டினாள். குமிழியைக் குனிந்து பார்த்த பொறியாளர் தன் சட்டைப் பையிலிருந்த ரசமட்டத்தையும் எடுத்து வைத்துப் பார்த்தார். இரண்டு குமிழியும் நடுவிலேயே நின்றன. இப்படி ஒரு மட்டத்தை நான் கட்டின எந்தக் கட்டடத்திலும் பார்த்ததில்லை என்று அவர் உண்மையை ஒப்புக்கொண்டார்.

“அதான் சொல்றேன். நடக்குறது கோபுரம், தப்பும் அதோடது. நான் எதுக்கு எந்திரிக்கணும்? அதை இடிங்க.”

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி இது. வழியில் இருப்பவர்கள் விலகினார்களே தவிர, வருவதை நிறுத்து என்று ஒருவரும் சொன்னதில்லை. நகராட்சிக் கூட்டத்தில் அவள் போய்ப் பேசினாள். கூட நாத்தனாரும் போனாள். படகுக்காரரின் தங்கையான இந்த நாத்தனார் தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவள், அண்ணன் வீட்டிலேயே இருப்பவள், முத்திரை குத்துவதைப் போலவே பேச்சிலும் ஒரே குத்தாகக் குத்துபவள். நடக்கும் கோபுரத்துக்கு வரி உண்டா, உரிமம் உண்டா, எதிரே வருபவர் எந்தப் பக்கம் ஒதுங்கவேண்டும் என்று விதி உண்டா என்று அவள் கேட்டாள். பனிக்காலம் முடிந்ததும் இடித்துவிடுவது என்று முடிவாயிற்று. நேரம் பார்க்கத்தான் எல்லோர் கையிலும் கடிகாரம் இருக்கிறதே, அரசருக்கும் இனி மனத்தாங்கல் வரப்போவதில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டினார்கள்.

இடிக்கும்போது அதிர்வில் பக்கத்து வீடு விரிசல் விடாமல் இருக்கவேண்டும் என்று, அவள் வீட்டு அடித்தளத்தைப் பார்க்கப் பொறியாளர் ஒரு கொத்தனாரோடு வந்தார். மேஜையை நகர்த்த அவள் சம்மதிக்கவில்லை. கொத்தனார் தவழ்ந்து மேஜைக்கு அடியில் போய்த் தரைப் பலகை இரண்டைத் தூக்கினார். தூக்கியவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார். கீழே சதுரமாக ஒரு பெரிய கல், மேல்முகத்தில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிய இரண்டு வாய்க்கால். முதல் கல்லில் மட்டும்தான் அப்படி வெட்டுவார்கள் என்றார் கொத்தனார். எதற்கு முதல் கல் என்று கண்ணாடிக்காரி கேட்டாள். அவர் ஜன்னல் வழியாகக் கோபுரத்தைக் காட்டினார்.

கொத்தனார் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் இது. யாரும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. கல்வெட்டு ஒன்று சொல்லும்போது கொத்தனார் இன்னொன்று சொன்னால் எடுபடுமா? கோபுரம் அரசருக்காகக் கட்டத் தொடங்கியது அல்ல. ஒரு பனிக்காலத்தில் அக்கரைச் சந்தைக்குப் போன பெரிய படகு திரும்பும்போது துறையைக் காணாமல் பாறைக்குப் போய்விட்டது. போனவர்களில் ஒருவரும் வரவில்லை. துறையில் ஒரு மணி கட்டினால் மூடுபனியில் கேட்கும் என்று ஆற்றங்கரை மக்கள் வீடு வீடாகச் சேர்த்து நகரசபையிடம் கொடுத்தார்கள். துறையின் மேல் கொத்தனார்கள் முதல் கல்லை வைத்து மட்டமும் பார்த்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து அரசரின் ஆட்சியாண்டு விழா வந்தது. கோபுரம் ஒன்று வேண்டும், பெரிய மனிதர்கள் கண்ணில் படும் இடத்தில் வேண்டும் என்று இடத்தை நீதிமன்றத்துக்கு எதிரே மாற்றிவிட்டார்கள். வைத்த முதல் கல்லை எடுக்கக்கூடாது என்பது கொத்தனார்களின் கட்டுப்பாடு. கட்டடம் எங்கே நிற்கவேண்டும் என்று அதற்குச் சொல்வது அந்தக் கல்தான் என்பார்கள். அதனால் கல்லைத் துறையிலேயே விட்டுவிட்டு, முதல் கல் இல்லாமலே நீதிமன்றத்தின் முன்னால் கோபுரத்தைக் கட்டினார்கள். கூலிக்குச் செய்த வேலை, வேறென்ன செய்வது? ஆறு கொஞ்சம் ஒதுங்கியதும் கல்லின் மேல் வீடு வந்தது.

“அப்ப அது ஆத்துக்குப் போகலைங்களா?” என்று பொறியாளர் கேட்டார்.

“ஆத்துக்கு எதுக்கு சார் போகுது. கல்லுக்குத்தான் வருது” என்றார் கொத்தனார்.

பொறியாளர் மேஜையைப் பார்த்தார், கோபுரத்தைப் பார்த்தார், கோபுரத்தின் பாதைக்கு நாடா வைத்துப் போட்ட தன் கணக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது என்று ஒருவிதத்தில் திருப்திப்பட்டார். கண்ணாடிக்காரிக்கு அந்தத் திருப்தி இல்லை. செத்துப்போனவர்களை நினைத்து அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வருத்தத்துக்காகத் தன் மேஜையைக் கொடுக்க அவள் தயாராக இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ செய்த தப்புக்கு என் வீட்டுக் கூரையா கேட்டது என்றாள். இடிப்பது இடிப்பதுதான் என்றாள். கொத்தனார் பலகையைப் பழையபடி பொருத்திவிட்டு, இடிக்கிற வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொறியாளரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பனிக்காலத்தின் கடைசி வாரத்தில், இனி வராது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், காலை பத்து மணிக்கு மூடுபனி இறங்கியது. அதுவரை யாரும் பார்த்திராத பனி. தெருவில் நடந்தவர்கள் சுவரைத் தடவிக்கொண்டு போனார்கள். ரொட்டிக் கடைக்காரி தன் கடை என்று நினைத்து மருந்துக் கடையைத் திறக்கப் பார்த்தாள். பெண்கள் தட்டுகளோடு படியில் இறங்கினார்கள். பனி அவ்வளவு கெட்டியாக இருந்ததால் தட்டின் சத்தம் பத்தடி போவதற்குள் அமுங்கிவிட்டது. மதியம் ஆயிற்று. ஒரு படகும் வரவில்லை. கண்ணாடிக்காரி இரண்டு வேகமாக, ஒன்று இழுத்து என்று அடித்துக்கொண்டே இருந்தாள். கை மரத்துப்போய் மற்ற கைக்கு மாற்றி அடித்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு பயந்ததில்லை. கடைசியில் தட்டு விளிம்பிலிருந்து நடுவரைக்கும் பிளந்து, தகரத்தைப் போலக் கரகரத்தது. அவள் அதைக் கீழே போட்டாள். போட்டவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் பனிக்குள்ளே, சாரத்தோடு, கோபுரம் நின்றது.

அவள் நாத்தனாரைக் கூப்பிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். இரண்டு பேரும் கண்ணாடி ஏற்றிப்போகும் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு சுவரைத் தடவியபடியே நீதிமன்றத்துக்குப் போனார்கள். காகித அறை வாசலில் பியூன் உட்கார்ந்திருந்தார். மணியின் நாக்கு அவர் காலடியில் கதவுக்கு முட்டாக இருந்தது. எழுத்து மூலம் உத்தரவு இல்லாமல் அரசாங்கச் சொத்தை எடுக்க முடியாது என்றார் பியூன்.

“இது கதவுக்கு முட்டுன்னு எந்த உத்தரவுல எழுதியிருக்கு?” என்று நாத்தனார் கேட்டாள்.

பியூன் யோசித்துக்கொண்டிருந்தபோதே இரண்டு பெண்களும் அதைத் தூக்கி வண்டியில், கண்ணாடி உரசாமல் இருக்கப் போட்டிருந்த கம்பளத்தின் மேல் படுக்கவைத்துவிட்டார்கள். பின்னால் கதவு காற்றில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. யோசித்து முடித்த பியூன் எழுந்து வந்து வண்டியைத் தள்ள ஒரு கை கொடுத்தார். கொத்தனாரும் பொறியாளரும் வந்து சேர்ந்தார்கள். சாரம் கட்டியிருந்தது நல்லதாகப் போயிற்று. இடிக்கக் கட்டிய சாரத்தில் கயிறு கட்டி நாக்கை மேலே ஏற்றினார்கள். கொக்கி துருவேறாமல், நேற்றுத்தான் கழற்றியதைப் போல இருந்தது. கொத்தனார் கயிற்றைப் பிடித்து இழுத்தார். மணி அடித்தது.

அந்தச் சத்தத்தை அந்த ஊரில் உயிரோடு இருந்தவர் யாரும் கேட்டதில்லை. ஜன்னல்கள் அதிர்ந்தன, கடையில் அடுக்கியிருந்த கண்ணாடிகள் ஒன்றோடொன்று முணுமுணுத்தன, பனி ஒரு கணம் ஒதுங்குவதைப் போலக்கூட இருந்தது. கொத்தனார் ஒரே சீராக அடித்தார். படியில் நின்ற பெண்கள் காத்திருந்தார்கள். வெகுநேரம் கழித்துத் தண்ணீரில் ஒரு குரல் கேட்டது, கிட்டத்தில்தான்.

“இது எந்த ஊருங்க?”

தச்சர் மனைவிக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரியும், அவள் தம்பியுடையது. கண்ணு அவிஞ்சு போச்சா, சொந்த ஊரு தெரியலையா என்று அவள் தொடங்கிய திட்டைப் பிடித்துக்கொண்டே அவன் படகு கரைக்கு வந்தது. வந்தவன் நடந்ததைச் சொன்னான். மணிச் சத்தம் எல்லாப் படகுக்கும் நன்றாகக் கேட்டிருக்கிறது. நம்ம ஊரில் மணி கிடையாதே, ஏதோ தெரியாத ஊருக்கு வந்துவிட்டோம் என்று எல்லோரும் படகைத் திருப்பிவிட்டார்கள். மணி அடிக்க அடிக்க இன்னும் தூரமாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு போகிறார்கள். கண்ணாடிக்காரி வீட்டு அண்ணன்தான் முதலில் திருப்பினார், அவர் பின்னால்தான் மற்றவர்கள் போனார்கள்.

நாத்தனார் வளைவுக்கு அடியில் ஓடிவந்து மேலே பார்த்துக் கத்தினாள்.

“அண்ணி, அது ஊர் மணி மாதிரி அடிக்குது. நீங்க உங்க அடியை அடிங்க. தட்டுல அடிக்கிற மாதிரி.”

கண்ணாடிக்காரி காலுக்குள்ளிருந்த படிகளில் ஏறினாள். கொத்தனார் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள். தட்டில் அடிப்பது வேறு, ஒரு மனிதர் எடையுள்ள நாக்கை வீசி அடிப்பது வேறு. முதல் இரண்டு முறை சரியாக வரவில்லை. பிறகு உடம்பையே கயிற்றில் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வேகமாக, ஒன்று இழுத்து. இரண்டு வேகமாக, ஒன்று இழுத்து. கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லிக்கொண்டிருந்ததைக் கோபுரம் தன் தொண்டையால் சொன்னது. அவள் அழுதுகொண்டேதான் அடித்தாள், அடியில் பிசகில்லை. சாயங்காலம் ஆவதற்குள் படகுகள் ஒவ்வொன்றாகப் பனிக்குள்ளிருந்து வந்தன. முதலில் வந்தது அவள் புருஷனுடையது. குளிரில் உதடு நீலமாகி, பின்னால் அக்கரைச் சந்தைக்குப் போனவர்கள் அத்தனை பேரோடும் வந்தார்.

“சாப்பாடு ஆறுதுன்னு கோபுரமே கத்துது. வராம இருக்க முடியுமா?” என்றார்.

அன்றைக்குச் சமையலே ஆகவில்லை என்பதை அவள் அப்போது சொல்லவில்லை.

அடுத்த கூட்டத்தில் அவளே எழுந்து, இடிக்க வேண்டாம், வரட்டும் என்றாள். பொறியாளருக்கு மனம் கேட்கவில்லை. கோபுரம் வந்து நிற்கும்போது அதன் மூன்று கால்கள் தெருவிலும் கொல்லையிலும் விழும், வீடு வளைவுக்கு அடியில் அப்படியே இருக்கும், கூரையில் கொஞ்சம் ஓடு மட்டும் எடுக்கவேண்டியிருக்கும். ஆனால் நாலாவது கால் வருவது முதல் கல்லின் மேல் என்று எடுத்துச் சொன்னார்.

“உங்க மேஜை இருக்கிற மூலைதாம்மா அது.”

“தெரியும் சார். எனக்குத் தெரியாதா?” என்றாள்.

சாரத்தை அவிழ்த்தார்கள். அதன் பிறகு வந்த பனிக்காலங்களில் கோபுரம் அவசரப்படவில்லை, வழக்கமான ஒரு முழம்தான் வந்தது. வாசல் படியைத் தாண்டியது, சுவரைத் தாண்டியது. கோபுரத்தின் வழியில் இடிக்காமல் விட்ட முதல் சுவர் அது, தரையைப் போலவே விலகிக் கொடுத்துப் பின்னால் மூடிக்கொண்டது. கடைசிப் பனிக்காலம் தொடங்கும் முன் கண்ணாடிக்காரி மேஜையைத் தானே தூக்கி எதிர் மூலைக்கு மாற்றினாள். மாற்றிவிட்டு அந்த வெற்றிடத்தைப் பெருக்கினாள், ரசமட்டத்தைத் தரையில் வைத்துக் குமிழியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இழவு வீட்டில்கூட அவ்வளவு துக்கமாக உட்கார்ந்ததில்லை என்று நாத்தனார் பிறகு சொன்னாள். ஒரு காலையில் எழுந்து பார்த்தால் கல்லின் மேல் கோபுரத்தின் கால் நின்றிருந்தது, இம்மி பிசகாமல்.

படிக்கட்டு இருந்த கால்தான் அது. அதனால் மணிக்குப் போகும் கதவு இப்போது அவள் கடைக்குள்ளே திறக்கிறது. மணியடிக்க வேறு யாரையும் வைக்க வழியில்லை என்று நகராட்சி அவளைத் தற்காலிகமாக நியமித்தது, இன்றுவரை தற்காலிகம்தான். மூடுபனி இறங்கினால் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக ஏறித் தங்கள் வீட்டு அடியை அடித்துவிட்டு இறங்குகிறார்கள். தச்சர் மனைவியை மட்டும் இறங்கச் சொல்லி வற்புறுத்தவேண்டியிருக்கிறது. கல்வெட்டும் அந்தக் காலோடு கடைக்குள் வந்துவிட்டது. அதில் ஆணி அடிக்க முடியாது என்பதால் கண்ணாடிக்காரி ஒரு பெரிய நிலைக்கண்ணாடியை அதன் மேல் சாய்த்து வைத்திருக்கிறாள். அரசரின் ஆட்சியாண்டைப் படிக்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்கள் முகத்தைப் பார்த்து, தலையைச் சரிசெய்துகொண்டு போகிறார்கள்.

பொறியாளர் அதற்கடுத்த பனிக்காலத்திலும் நாடாவோடு வந்து அளந்தார். கோபுரம் ஒரு நூல்கூட நகரவில்லை. அதற்கும் அடுத்த வருஷம் நாடாவை எடுத்துவரவில்லை, ஒரு படத்துக்குச் சட்டம் போடத்தான் வந்தார். எதிர் மூலையில் தரை சரிவு. மேஜையின் ஒரு காலுக்கு அட்டையை மடித்து முட்டுக்கொடுத்திருந்தாள். கோடு கிழித்து அவள் தட்டியதும் கண்ணாடி குறுக்கே ஓடி இரண்டாக உடைந்தது. பத்தில் ஒன்று இப்படித்தான் போகிறது என்று சொல்லிவிட்டு இன்னொரு கண்ணாடியை எடுத்து வைத்தாள். வெளியே மூடுபனி இறங்க ஆரம்பித்திருந்தது. அவள் வைரமுனையைக் கீழே வைத்து, கையில் ஒட்டியிருந்த தூளைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் இருங்க சார் என்று பொறியாளரிடம் சொல்லிவிட்டுக் கல்வெட்டுக்குப் பக்கத்துக் கதவைத் திறந்து மேலே ஏறினாள். அடுப்பில் சாப்பாடு தயாராக இருந்தது. இரண்டு வேகமாக, ஒன்று இழுத்து மணி அடித்தது. ஆற்றிலிருந்து, வெகு தூரத்திலிருந்து, வர்றேன் என்று ஒரு குரல் கேட்டது.